அமைச்சர் கூட்டத்தில் போன பற்றரி

1. கழுத்துச் சைகை

மேடையில் நின்ற தலைவர் என்னைப் பார்த்துக் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார். சவுண்ட் வேலையில் அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான்: மைக்கை நிப்பாட்டு. சபையின் நடுவில் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்த பெண்ணின் மைக்கைத்தான் அவர் சொன்னார். அமைச்சரோ கதிரையில் முன்னால் சாய்ந்து அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் விரல் சவுண்ட் மிக்சரின் பொத்தானில் இருந்தது. ஒரு தலைவர் சொல்லி நான் நிப்பாட்டாமல் விட்டது அதுவரை கிடையாது.

சிட்னியில் இப்போது சவுண்ட் வேலைக்கு வருகிற பிள்ளைகள் அந்த நாளைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. ஆளுக்கொரு கதை கேள்விப்பட்டிருக்கிறார்கள். நடந்தது இதுதான்.

2. பற்றரிக்காரன்

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். கிழமை நாட்களில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. சனி ஞாயிறில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம், கூட்டம் என்று சவுண்ட் வேலை.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வயர் அறுந்தால்? பியூஸ் போனால்? பேச்சாளர் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால்? மண்டபத்துக்கு வந்து எல்லாவற்றையும் பொருத்திச் சரிபார்த்த பிறகும், வெளியே நிற்கிற என் வான் வண்டியைப் பூட்டினேனா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வயரில்லாத கோர்ட்லெஸ் மைக்குக்குப் புதுப் பற்றரி போட்டு, பொக்கற்றில் ஒரு சோடி, பெட்டியில் ஒரு சோடி, வானில் ஒரு பெட்டி வைத்திருப்பேன். அந்தப் பயத்தின் புண்ணியத்தில் என் நிகழ்ச்சி எதிலும் மைக் செத்தது கிடையாது.

சிவா அண்ணைக்கு அது பிடிக்கும். அவர் ஓய்வுபெற்ற இஞ்சினியர். மேற்குச் சிட்னியில் எந்தக் குழு கூடினாலும் தலைவர் அவர்தான். "பற்றரிக்காரனைப் பிடியுங்கோ, பிரச்சினை இல்லை" என்று நாலு பேருக்குச் சொல்வார். என் வேலையில் பாதி அவர் வாயால் வந்தது.

3. தர்சினி

இலங்கையின் வடக்கில் மாகாண சபை நடந்த காலம் அது. அதன் அமைச்சர் ஒருவர் சிட்னிக்கு வந்தார். அமைச்சராவதற்கு முன் அவர் ஒரு சட்டத்தரணி. போர் முடிந்த கையோடு பிடிபட்ட பொடியன்களுக்காகக் கோர்ட்டில் தோன்றியவர். அந்தப் பெயர்தான் அவருக்கு வோட்டாக விழுந்தது.

சிவா அண்ணையின் குழு வரவேற்புக் கூட்டம் வைத்தது. நான் வழக்கம்போல நேரத்தோடு போய் ஆட்களின் காலில் தடுக்காதபடி வயருக்கு மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். சபை இன்னும் வரவில்லை. மேய்ஸ் ஹில் கோயிலில் பூசை முடிந்து, பிரசாதம் வாங்கி, கார் பார்க்கில் நின்று கதைத்து முடித்துத்தான் வருவார்கள். அந்த வெறும் மண்டபத்தில் ஒரு பெண் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணை, நீங்களோ மைக்குக்குப் பொறுப்பு?"

"ஓம் தங்கச்சி."

"அமைச்சரிட்ட ஒரு கேள்வி கேக்கோணும். விடுவீங்களோ?"

அவள் பெயர் தர்சினி. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அவளுடைய தம்பி கஜன் படகில் வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில் இருக்கிறான். ஊரில் தன்னைப் பிடித்து வைத்துச் சித்திரவதை செய்ததாக அவன் சொன்னதை இமிகிரேஷன் நம்பவில்லை. அங்கே அவன்மேல் போட்ட வழக்கில் தோன்றிப் பிணை எடுத்துக் கொடுத்தவர் இந்த அமைச்சர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால், மேன்முறையீட்டை விசாரிக்கிற ட்ரிபியூனல் நம்பும் என்று கஜனின் லோயர் சொல்லியிருக்கிறார்.

"அவற்ற ஒஃபிசுக்கு எத்தனை தரம் போன் எடுத்தன் எண்டு எனக்கே தெரியாது. செக்ரட்டரி லைனைத் தாறாரில்லை. ட்ரிபியூனலும் கைவிட்டா தம்பியைப் பிளேன்ல ஏத்திப்போடுவாங்கள், அண்ணை. அம்மா அங்க தனிய."

"கூட்டம் முடிய நேர போய்க் கேக்கலாம்தானே?"

"கேட்டுப் பாத்திட்டன். கூட்டம் முடிய பின்கதவால கார். முக்கியமான ஆக்களோட சாப்பாடு. நாளைக்கு அவையளோட துறைமுகத்தில போட் டூர், பின்னேரம் மெல்பேர்ண்."

"அது குழு பாக்கிற விஷயம், தங்கச்சி. துண்டில எழுதிக் குடுங்கோ, வாசிப்பினம்" என்றேன்.

நம் கூட்டங்களில் அதுதான் முறை. கேள்வியை எழுதி முன்னுக்கு அனுப்ப வேண்டும். தலைவர் பார்த்துத் தனக்குப் பிடித்ததை வாசிப்பார். பிடிக்காததை மடித்துத் தண்ணீர்ப் போத்தலுக்கு அடியில் வைப்பார். எனக்கும் அது தெரியும்.

4. எந்த மைக்?

குத்துவிளக்கு, மௌன அஞ்சலி, பொன்னாடை. பிறகு ஒரு பொன்னாடை. அதற்குப் பிறகும் ஒன்று. அமைச்சர் பேச எழுந்தபோது பின்வரிசையில் ரோல்ஸ் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவர் சுருக்கமாகப் பேசினார். கேள்வி நேரம் வந்தது. மாகாண சபைக்குக் காணி அதிகாரம் உண்டா என்று ஒரு துண்டு. சிட்னிக் குளிர் எப்படி என்று ஒரு துண்டு. தர்சினியின் துண்டைச் சிவா அண்ணை தனக்குள் வாசித்தார், மடித்தார், போத்தலுக்கு அடியில் வைத்தார்.

"கேள்விகள் இத்தோட முடிஞ்சுது. இனி நன்றியுரை."

நன்றியுரை சொல்பவர் முன்வரிசையில் இருந்தார். கோர்ட்லெஸ் மைக்கை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நடுப்பாதையால் நடந்தேன். தர்சினி ஓரக் கதிரையில் இருந்து அந்தத் தண்ணீர்ப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றேன். மைக் அவள் கையில் இருந்தது. நான்தான் கொடுத்தேன்.

திரும்பி மிக்சருக்கு வந்து சேருமுன் அவள் பேசத் தொடங்கிவிட்டாள். "சேர், என்ர பேர் தர்சினி. என்ர தம்பிக்காக நீங்கள் கோர்ட்டில தோன்றினீங்கள். அவன் இப்ப வில்லாவுட்டில இருக்கிறான்."

சிவா அண்ணை கழுத்துச் சைகை காட்டியது அப்போதுதான். நான் அசையாததைக் கண்டு தன் மைக்கிலேயே சொன்னார்: "அந்த மைக்கை நிப்பாட்டும். தனிப்பட்ட விஷயங்களுக்கு இது இடமில்லை. நேரமும் காணாது..."

நான் ஒரு மைக்கை நிப்பாட்டினேன். அவருடையதை.

அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ, "கன காலத்துக்குப் பிறகு நல்ல பேச்சு" என்றார். சபை சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். பிறகு தர்சினியைப் பார்த்து, மைக் இல்லாமலே, கோர்ட்டில் பழகிய குரலில் கேட்டார்.

"வழக்குத் தவணை ஒவ்வொண்டுக்கும் குடையோட வந்து நிண்டா ஒரு அம்மா. பொடியனைச் சிறை வாகனத்தில ஏத்தும்வரைக்கும் குடை பிடிச்சுக்கொண்டு நிப்பா. அவவோ?"

"ஓம் சேர். அது எங்கட அம்மா."

"கஜன்" என்றார் அமைச்சர்.

தர்சினிக்கு அழுகை வந்துவிட்டது. "அவனைக் கொண்டுபோய் அவங்கள் என்ன செய்தவங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும், சேர். முதல் நாளே..."

அந்த நேரம்தான் எனக்குத் தெரிந்தது: சபையில் பாதிப்பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீடியோ நாளைக்கு எங்கெல்லாம் போகும், யார் கண்ணில் படும். அவனைப் பிடித்தவர்கள் இருக்கிற அதே ஊரில் அந்த அம்மா தனிய இருக்கிறா. பயந்து பயந்தே வளர்ந்தவனுக்கு இதெல்லாம் கணக்கில் உடனே வரும். மிக்சரில் தர்சினியின் மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை மெதுவாக இறக்கினேன்.

"கேக்கேல்லை, கேக்கேல்லை" என்று சத்தம் எழும்பியது. சிவா அண்ணை மேடையால் இறங்கி மூச்சு வாங்க என்னிடம் வந்தார்.

"என்ன காணும் நடக்குது?"

"பற்றரி போயிட்டுது, அண்ணை."

அவர் என் பொக்கற்றைப் பார்த்தார். புதுச் சோடி வெளியே தெரிந்தது. நான் பொக்கற்றைக் கையால் மூடினேன்.

5. ஹெட்போனில்

சபைக்குப் போகாத மைக்கையும் ஹெட்போனில் கேட்பதற்கு மிக்சரில் ஒரு பொத்தான் உண்டு. அமைச்சர் இறங்கிப்போய்த் தர்சினிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மைக் அவள் மடியில் கிடந்தது. நான் கேட்டேன்.

"இதை இத்தனை பேருக்கு முன்னால சொல்லாதையுங்கோ, பிள்ளை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

"நீங்கள் வந்து சொல்லுவீங்களோ, சேர்?"

நான் ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன்.

"ஒரு மாகாண அமைச்சர் வெளிநாட்டில இதைச் சொன்னார் எண்டு அங்க பேப்பரில வரும். பதவிக்கும் பிரச்சினை வரலாம். அது என்ர பாடு. நான் கஜன்ர சட்டத்தரணி. அவர் சம்மதம் தந்தாத்தான் நான் வாய் திறக்கலாம். நாளைக் காலமை அவரைப் பாக்க ஏலுமோ?"

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். இனி அது அவர்களுடைய கதை.

6. போட் டூர்

தர்சினிக்குக் கார் இல்லை. குழுவின் காரெல்லாம் துறைமுகத்துக்குப் போகிறது. அடுத்த நாள் காலை என் வானில், பின்னால் ஸ்பீக்கர் இரண்டும் ஆட ஆட, ஒரு அமைச்சர் முன்சீற்றில் இருந்து வில்லாவுட்டுக்கு வந்தார். பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தரமும் ஸ்பீக்கர் அவர் தலையில் விழுமோ என்று எனக்குப் பயம். வழியில் சிவா அண்ணை என் போனுக்கு எடுத்தார்.

"பற்றரிக்காரன், அமைச்சரைக் காணேல்லை. உமக்கு ஏதும் தெரியுமோ?"

நான் போனைப் பக்கத்தில் நீட்டினேன். அமைச்சர் போனை வாங்கினார்.

"நான்தான் கதைக்கிறன். நீங்கள் போட்டில போயிட்டு வாங்கோ. நான் போட்டில வந்த ஒருத்தரைப் பாத்திட்டு வாறன்."

முகாம் வாசலில் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். போனையும் பெல்ட்டையும் லொக்கரில் வைத்தார். என்ன வேலை என்று காவலாளி கேட்டதற்கு 'லோயர்' என்று மட்டும் சொன்னார். நான் வானில் காத்திருந்தேன். திரும்பி வந்தபோது தர்சினியின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது: கஜன் சம்மதம் சொல்லிவிட்டான். அங்கிருந்து நேராகப் பரமட்டாவில் கஜனின் லோயரிடம் போய், அமைச்சர் தன் வாக்குமூலத்தைக் கொடுத்தார். ட்ரிபியூனல் விசாரணை நடந்த நாளில் ஊரிலிருந்து போனில் சாட்சி சொன்னார். அங்கே ஒன்றிரண்டு பேப்பர்கள் அவரைக் கிழித்தன. என் வழக்கின் கட்சிக்காரனுக்காகப் பேசினேன் என்று ஒரே வரியில் பதில் சொன்னாராம்.

சிவா அண்ணையிடமிருந்து அதற்குப் பிறகு வேலை வரவில்லை. வீட்டில் யார் போன் அடித்தாலும் அவராக இருக்குமோ என்று பார்ப்பேன். ஒருநாள் வெயர்ஹவுஸில் சாப்பாட்டு நேரம் போன் அடித்தது. தர்சினி.

"அண்ணை, தம்பி வென்றிட்டான். வெளியில விட்டுட்டினம். தற்காலிக விசாதான். ஆனா இப்ப என்ர குசினியில நிண்டு, தேத்தண்ணிக்குச் சீனி எங்க எண்டு கேக்கிறான்."

சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுக் கார் பார்க்கில் இரண்டு சுற்று நடந்தேன். வானைப் பூட்டினேனா என்று பார்க்கவில்லை.

7. கடைசியாக

கஜனின் கலியாண வரவேற்புக்கு நான்தான் சவுண்ட். சிவா அண்ணையும் வந்திருந்தார். தலைவராக இல்லை, விருந்தாளியாக. நேராக என் மேசைக்கு வந்து மிக்சரை ஒருதரம் பார்த்தார்.

"பற்றரி எல்லாம் சரியோ?"

"புதுசு, அண்ணை."

"அண்டைக்கும் புதுசுதான்." மேடையில் இருந்த கஜனைப் பார்த்தார். "பொடியன் வடிவா இருக்கிறான், என்ன" என்றார். பிறகு கையை நீட்டினார். "அந்த மைக்கைத் தாரும். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பற்றரி கூடவே கொண்டுபோங்கள். வயருக்கு மேல் டேப் ஒட்டுங்கள். பயம் இருந்தால் இருக்கட்டும், அது வேலையைத் திருத்தும். ஆனால் நிப்பாட்டு என்று யாரும் சைகை காட்டினால், எந்த மைக்கை நிப்பாட்டுவது என்று ஒருதரம் யோசித்துவிட்டு விரலை வையுங்கள்.

அந்தக் கலியாண வரவேற்பில் சிவா அண்ணை நடுப்பாதையால் போய்த் தர்சினியின் கையில் மைக்கைக் கொடுத்தார். அவள் எழுந்து நீளமாகப் பேசினாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் கழுத்தில் கை வைக்கவில்லை. நான் ஃபேடரை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.