தண்ணீர் லாரி வரிசையில் ஒரு மலையாளி

மயிலாப்பூர் குளத்தடியில் ஓட்டோ பிடித்து, மந்தைவெளிக்குப் போகவேண்டும் என்று சொல்லி முடிக்கவில்லை, ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “இன்னாம்மா, கேரளாவா?” என்றார். நான் தலையை ஆட்டினேன். இந்த ஊருக்கு வந்து நன்றாகப் பழகிய ஒரே காரியம் இந்தத் தலையாட்டல்தான். மளிகைக் கடைக்காரர் கேட்பார், பஸ் கண்டக்டர் கேட்பார், பூக்காரி கேட்பாள். பிறந்ததிலிருந்து தமிழைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாத எனக்குத் தமிழ்நாட்டின் தலைநகரத்தில் கிடைத்த பட்டம் மலையாளி.

கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போனவர்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். பனி, குளிர், விளங்காத பாஷை என்று நாலு பக்கம் புலம்பிவிட்டு, கடைசியில், “உனக்கென்ன, கோயிலும் குளமும் தமிழுமாக இருக்கிறாய்” என்று முடிக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது சென்னை வானொலி தெளிவாகக் கேட்கும். அந்தக் குரல்களுக்குள் போய் இருந்துவிட்டால் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும் என்று நம்பினேன். மண்ணாங்கட்டி.

முதல் வருடம் மோசமில்லை. பிறகு ஒரு தலைவரைக் கொன்ற அந்தக் குண்டு வெடித்தது. அதற்கடுத்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நானும் என் கணவரும் நாலு வயது வாசுகியைத் தூக்கிக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரம், அடையாறு, தேனாம்பேட்டை என்று ஏறி இறங்கினோம். எந்த ஊர் என்று கேட்பார்கள், யாழ்ப்பாணம் என்போம், முகம் மாறும். ஒரு வீட்டில் எங்களுக்குக் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிக்கும் முன்பே கதவைப் பாதி சாத்திவிட்டார்கள். எங்களோடு அலைந்த வீட்டுத் தரகருக்கு ஐந்தாவது வீட்டோடு பொறுமை போய்விட்டது. “இன்னா சார் நீ, சிலோன்னு சொன்னா எவன் வூடு குடுப்பான்? அவனே கேரளாவான்னு கேக்கறான். கம்முனு தலைய ஆட்டினு போய்க்கினே இரு” என்றார்.

ஆறாவது வீட்டில் அப்படியே நடந்தது. மந்தைவெளியில் மாடி வீடு. மேலே வீட்டுக்காரர்கள், கீழ்ப் பகுதி வாடகைக்கு. அரசு வேலையில் ஓய்வு பெற்ற வீட்டுக்காரரை எல்லோரும் சார் என்பார்கள். பேச்சு வார்த்தையெல்லாம் அவர் மனைவி சகுந்தலா அம்மாவுடையது. அந்த அம்மா, “கேரளாவா?” என்று கேட்டதும் என் கணவர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் என்றதும், எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, பாலக்காடு என்றார். எங்களைப் போல வந்தவர்கள் குடியிருக்கும் விலாசத்தைப் பொலிஸில் பதியவேண்டும். எங்கள் பதிவு வளசரவாக்கத்தில் இவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் விலாசத்தில் இருந்தது. கடிதங்களும் அங்கேதான் வரும். அது தப்பு என்று எங்களுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பிள்ளையை வைத்துக்கொண்டு தெருவில் படுக்க முடியுமா?

மிகப் பெரிய பொய்யை வாசுகியிடம்தான் சொன்னோம். சின்னப் பிள்ளை, வெளியில் உளறிவிடும் என்று பயம். நம்முடைய ஊர் பாலக்காடு, யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லவேண்டும் என்று ஊட்டி ஊட்டி வளர்த்தோம். சுவர் மெலிது என்பதால் வீட்டுக்குள்ளும் சென்னைத் தமிழ்தான். எங்கள் தமிழில் நானும் இவரும் கதைப்பது, ஞாயிற்றுக்கிழமை அவள் விளையாடப் போன பிறகு, காதோடு காதாக. பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழைத் தலைமை ஆசிரியையின் கையில் மட்டும் கொடுத்தோம். நல்ல மனுசி, பார்த்துவிட்டுப் பேசாமல் மடித்து உள்ளே வைத்தார். எங்கள் ஊரில் பிள்ளைகள் தாயை நீங்கள் என்று சொல்லும். வாசுகி ஒரு நாள் தெருப் பிள்ளைகள் மாதிரி என்னை நீ என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன். இவர் தடுத்தார். அப்படிப் பேசினால்தான் நமக்குப் பாதுகாப்பு என்றார்.

பொய் சொன்னால் அதற்கேற்ற நாடகமும் ஆடவேண்டும். தெருமுனைத் தேநீர்க் கடையில் வேலை செய்தவர் உண்மையான மலையாளி. நான் அவருடைய ஊர்ப்பக்கம் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். ஒரு நாள் வாயெல்லாம் பல்லாக, “சேச்சி, நாட்டில் எவிடெயா?” என்று தொடங்கி, ஒரு பாட்டம் பேசினார். எனக்குச் சேச்சி மட்டும் விளங்கியது. அடுப்பில் பால் இருக்கிறது என்று கையால் காட்டிவிட்டு ஓடி வந்தேன். அதற்குப் பிறகு எதிர்ப்பக்க நடைபாதையில்தான் போவேன். அந்த மனிதர் என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்.

இன்னொரு நாள் சகுந்தலா அம்மா மாடிப்படியில் நின்றபடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “இன்னிக்கு உங்க ஓணமாச்சே, வாசல்ல பூக்கோலம் போடலையா?” என்றார். ஓடிப்போய்ச் சாமந்தியும் கோழிக்கொண்டையும் வாங்கிவந்து, ஒரு வாரப் பத்திரிகையின் அட்டையில் பார்த்த படத்தை நினைவில் வைத்து வட்டம் போட்டேன். வட்டம் கோணலாக வந்தது. வாசுகிக்குத்தான் கொண்டாட்டம். இதழ் இதழாக அடுக்கினாள். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, “எங்க ஊர் பண்டிகை” என்று காட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்மேல் அருவருப்பும் வந்தது.

இரண்டரை வருடம் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இவர் வேலையிலிருந்து பாதியில் வந்தார். தேனாம்பேட்டையில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை இவருக்கு. இடையில் வருகிற ஆளில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினார். பிறகு சமையலறை ஜன்னலை. அதற்குப் பிறகுதான் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். கொழும்பிலிருந்து என் தம்பி எழுதி, வளசரவாக்கத்து அண்ணன் அச்சகத்தில் கொண்டுவந்து கொடுத்தது. ஊரில் அப்பு செத்து இருபத்திரண்டு நாள். அப்பாவை நாங்கள் அப்பு என்போம். மருந்து கிடைக்காத காய்ச்சல். எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்து, எட்டாம் நாள் செலவுச் சடங்கும் முடிந்துவிட்டதாம். அந்த இருபத்திரண்டு நாளும் நான் இங்கே சமைத்துச் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் வாய் திறந்ததும் இவர் கையால் பொத்தினார். “சத்தம் போடாதையும். மேலை கேக்கும்” என்றார். அவர் கண்ணாலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழலாம் என்று பார்த்தால், சென்னையில் அதற்கும் தண்ணீர் இல்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எங்கள் ஊரில் சாவு வீட்டில் வாய் விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் அழுவோம். செத்தவர் செய்த நல்லதையெல்லாம் சொல்லி அழாவிட்டால் அது அழுகையே இல்லை.

நாலு மணிக்கு வாசுகி பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது. “கேரளாம்மா, லாரி வந்துடுச்சு, குடத்தை எடுத்துட்டு வாங்க.” தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். விட்டால் குடிக்கவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் குடத்தோடு போய் வரிசையில் நின்றேன். வாசுகி சின்னக் குடத்தோடு பின்னால் வந்தாள். என் முறை வந்தது. குழாய்க்கடியில் குடத்தை வைத்தேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் அப்பு கிணற்றடியில் எனக்கு அள்ளி அள்ளி வார்த்தது நினைவு வந்துவிட்டது. எங்கள் கிணற்றில் வற்றாத தண்ணீர்.

“என்ரை அப்பு! என்னை விட்டிட்டுப் போட்டியளே! உங்கடை முகத்தைப் பாக்கக்கூடக் குடுத்து வைக்கேல்லையே!”

அவ்வளவுதான் எனக்கு நினைவு இருக்கிறது. மற்றதெல்லாம் என்ன சொல்லி அழுதேனோ தெரியாது. தலையில் அடித்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். குடம் நிரம்பி வழிந்தது, ஒருவரும் குழாயை மூடவில்லை. எதிர்க் குடிசைகளிலிருந்து வருகிற ஒரு பெண், போன முறை வரிசையில் என்னோடு சண்டை பிடித்தவள், வந்து என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். “யாரு கண்ணு பூட்டாங்க? அயுவு. நல்லா அயுவு” என்றாள். இந்த நகரத்தில் என்னை அழச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அவளுடைய பேர்கூட எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் சகுந்தலா அம்மா ரசமும் சாதமும் கொண்டுவந்தார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று அவராகவே நினைத்துச் சமைத்திருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

“வந்த மொத மாசமே தெரியும்மா எனக்கு. நீங்க சொல்லல, நானும் கேக்கல. சாரும் தெரியாத மாதிரியே இருந்துட்டாரு. இப்ப தெருவே கேட்டுடுச்சே. நாளைக்கு ஸ்டேஷன்லேர்ந்து வந்து கேட்டா, தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?”

அப்படியென்றால் ஓணத்துக்குப் பூப்போடச் சொன்னது ஏன் என்று கேட்டேன்.

“தெரு நம்பட்டுமேன்னுதான்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இந்த மாதத்தோடு காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல. கத்தித் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இரண்டரை வருடம் நாங்கள் இவர்களை ஏமாற்றுகிறோம் என்று ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துப் பிழைத்தோம். அவர்களோ மேலே இருந்து எங்கள் நாடகத்துக்குப் பின்பாட்டுப் பாடியிருக்கிறார்கள். என் தமிழ் என் வாய்க்குள் இருக்கும்வரை நான் அவர்களுக்கு நல்ல குடித்தனக்காரி. ரசம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் எதிலும் பொய் வேண்டாம்.

இந்த முறை தலையாட்டுவதில்லை என்று நானும் இவரும் முடிவு செய்தோம். வாசுகி பள்ளியில் இருக்கும் நேரத்தில் அலைந்து, பதினொரு வாசலில் யாழ்ப்பாணம் என்று சொன்னோம். பன்னிரண்டாவதாக நங்கநல்லூரில் ஒருவர், பொலிஸ் பதிவு இந்த விலாசத்திலேயே இருக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு பின்பக்கத்து அறைகளைக் கொடுத்தார்.

சாமான்களை ஏற்றிய மீன்பாடி வண்டியோடு இவர் முன்னே போனார். நானும் வாசுகியும் ஓட்டோவில். அடையாறு பாலத்தில் நெரிசல், வண்டி நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. மடியில் இருந்த குடத்தைத் தட்டிக்கொண்டு வாசுகி கேட்டாள்.

“அம்மா, அன்னிக்கு லாரிகிட்ட அழுதியே, அது மலையாளமா?”

இல்லை, அது தமிழ், எங்களுடைய ஊர்த் தமிழ், அப்புவுடைய தமிழ் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“போம்மா. தமிழ் அப்படி இருக்காது.”

இன்றைக்கு இவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும், புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அதுதான் என்று நினைத்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இன்னாம்மா, கேரளாவா?” என்றார்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் வாசுகி முந்திக்கொண்டாள்.

“ஆமா அங்கிள். பாலக்காடு.”