மூன்று பூச்சுச் சிவப்பு

"மோட்டார் விளக்கு நிபுணர்; நடுநிலையாளர்; இரு தரப்பாருக்கும் சம்பந்தமில்லாதவர்." சூரியநெல்லியை ஒட்டிய ஒரு எஸ்டேட்டில் ஐம்பத்தேழாம் வருஷம் நடந்த விபத்து விசாரணைக்கு வேதமுத்துவை அழைத்த தாளில் ஆபீஸ் ரைட்டர் ஆசீர்வாதம் இப்படித்தான் எழுதியிருந்தார். வேதமுத்துவுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. பின்னால் உட்காரவும் பயம். பஜாரில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேண்டில் வலை கட்டி, ஸ்டவ்வுக்கு அடைப்பெடுத்துப் பிழைப்பவர். சம்பந்தமில்லாதவர் என்பது அதைவிட வேடிக்கை. விசாரணைக்கு வந்த விளக்கே அவர் செய்ததுதான். "செஞ்சவனுக்குத் தெரியாதது வேற எவனுக்குய்யா தெரியப் போகுது?" என்பது ரைட்டரின் நியாயம்.

பாலக்காட்டு ஜவுளி வியாபாரி சைனுதீன், மோட்டார் சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றுகிறவர். வண்டி பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. எதிரி கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அதன் பின்விளக்குக்குத் தகரத்தொப்பி போட்டு மறைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து இத்தனை காலமாகியும் அந்த விளக்கு ஒளிந்துகொண்டேதான் இருந்தது. பிரேக் விளக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது. போடிமெட்டுச் சாலையில் பனி இறங்கினால், முன்னால் ஒரு வண்டி நிற்பதே பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

"ஏனுங்க வேதமுத்தண்ணே, பிரேக்க மிதிச்சாப் பின்னாடி வர்றவனுக்குப் பளிச்சுனு தெரியோணும். ஒரு வழி பண்ணுங்க" என்றார் சைனுதீன்.

வேதமுத்து மனசு வைத்துத்தான் செய்தார். பிஸ்கட் டப்பா மூடி, டார்ச்சின் உட்கிண்ணம், போடியிலிருந்து தருவித்த கார் பல்பு. பிரேக் மிதியில் ஒரு ஸ்பிரிங்கைக் கோத்து, மிதித்தால் எரிகிற மாதிரி ஒரு சுவிட்சு. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. சிவப்புக் கண்ணாடிதான் கிடைக்கவில்லை. ஃபாக்டரியில் தீயணைக்கும் வாளிகளுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைக் கேட்டு வாங்கி, வெறும் கண்ணாடியில் பூசினார். ஒரு பூச்சில் வெளிறிக் கிடந்தது.

"இது ரோஸுங்க" என்று சைனுதீன் முகம் சுளித்தார்.

இன்னும் இரண்டு பூச்சு ஏறியது. பிறகு பார்க்க வேண்டுமே! வெயிலில் அந்த விளக்கு எரியாமலே எரிந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்து, "போடி வரைக்கும் தெரியும்வே" என்றார்கள். பெயிண்ட் ஏற ஏற வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்று அந்தப் பாராட்டுக்கு நடுவில் யாருக்குத் தோன்றும்?

வேதமுத்துவுக்குத் தோன்றியது, அதுதான் சங்கடம். அன்று சாயங்காலம் சைனுதீன் பனிக்குள் இறங்கிப்போனார். வளைவில் வண்டி வேகம் குறைவது சத்தத்தில் தெரிந்தது, சிவப்பு தெரியவில்லை. கியரை மாற்றி வேகத்தைக் குறைத்திருப்பார், பிரேக்கைத் தொட்டிருக்க மாட்டார், கெட்டிக்காரர் என்று வேதமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடையைச் சாத்தினார்.

அடுத்த மாதம் அதே இறக்கத்தில், பனியில், எஸ்டேட் லாரி பின்னாலிருந்து வந்து சைனுதீன்மேல் மோதியது. கால் முறிந்தது. மூட்டை அவிழ்ந்து தேயிலைச் செடியெல்லாம் சேலை கட்டிக்கொண்டது. விளக்குக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை.

திங்கட்கிழமை விசாரணையில், எஸ்டேட் மானேஜர் துரையின் மேஜைமேல், திறந்த ஜன்னலுக்கு எதிரே, விளக்கையும் பாட்டரியையும் வைத்தார்கள். காலை வெயிலில் அது மாணிக்கம் மாதிரி ஜொலித்தது. மாவுக்கட்டோடு வந்திருந்த சைனுதீன், "அண்ணன் செஞ்ச லைட்டுல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க" என்றார் விசுவாசமாக. லாரி டிரைவர் கருத்தப்பாண்டி, "என் கண்ணுக்குத் தெரியலைங்கய்யா" என்றான். துரை நிபுணரைப் பார்த்தார்.

"நல்லாத் தெரியும் தொரை" என்றார் வேதமுத்து.

கருத்தப்பாண்டியிடம் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கண் கெட்ட டிரைவருக்கு எஸ்டேட்டில் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் வீடும் இல்லை. வியாழக்கிழமை முடிவு சொல்வதாகத் துரை சொல்லிவிட்டார்.

கருத்தப்பாண்டி வந்து சண்டை போட்டிருந்தால் வேதமுத்துவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவனோ கடை வாசலில் வந்து நின்று எதிர்மலையைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அந்தா அங்ஙன நிக்கிறது மாடா, பாறையா?"

"மாடு."

"எனக்கும் மாடாத்தான் தெரியுது. வால ஆட்டுறது வரைக்கும் தெரியுது. பொறவு லைட்டு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

வேதமுத்து கையிலிருந்த பர்னரை ஊதினார். அதில் அடைப்பு ஒன்றும் இல்லை.

"எம் பொண்டாட்டி பூமாரி மூணு வேளையும் பொன்னாங்கண்ணியா அவிச்சுப் போடுதா. கண்ணுக்கு நல்லதாம். இன்னும் ரெண்டு நாள் போனா ஆடு மாதிரி கத்தப் போறேன்" என்று கருத்தப்பாண்டி சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மத்தவன் சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன். நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. நீங்களே தெரியும்னுட்ட பொறவு, என் கண்ணு அவிஞ்சுதான் போச்சு அண்ணாச்சி."

காறித் துப்பினால்தான் அவமானம் என்று அதுவரை நினைத்திருந்தார் வேதமுத்து. நம்பிவிட்டுப் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதைவிட மோசமாக இருந்தது. அன்று அவரால் ஒரு மேண்டிலைக்கூட ஒழுங்காகக் கட்ட முடியவில்லை.

வியாழக்கிழமை அழைக்காமலே ஆபீசுக்குப் போனார். எல்லாரும் இருந்தார்கள். விளக்கும் அதே மேஜைமேல் இருந்தது.

"சன்னலச் சாத்துங்க ரைட்டரய்யா."

"உம்ம வேலைதான் முடிஞ்சு போச்சே? பேசாம இரும்."

வேதமுத்து தானே போய் எல்லா ஜன்னலையும் கதவையும் சாத்தினார். இருட்டில் தடவிப்பிடித்துப் பாட்டரியில் ஒயரைக் கோத்தார். சிவப்பு எங்கேயும் இல்லை. டப்பா மூடியின் ஓரத்தில் நகக்கீறலாக ஒரு வெள்ளை வெளிச்சம் மட்டும் கசிந்தது.

"வெளக்கு எரியுதா?" என்றது துரையின் குரல்.

"எரியுது தொரை. வெளியதான் வரல."

"யா அல்லா" என்றார் சைனுதீன்.

"திங்கக்கெழம நல்லாத் தெரியும்னீரேய்யா?" என்றார் ஆசீர்வாதம்.

யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். கருத்தப்பாண்டி இரண்டு கண்ணையும் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தான். வேதமுத்து அவன் பக்கம் திரும்பவில்லை. மூன்று பூச்சு அடித்தது தான் என்றும், விளக்கு பனியில் தெரியாதென்பது விபத்துக்கு முன்பே தனக்குத் தெரியும் என்றும், திங்கட்கிழமை தான் பொய் சொன்னதாகவும் துரையிடம் சொன்னார்.