பய்யூமி எடுத்த நூல் அளவு

சைக்கிளில் போகும்போது பய்யூமி கழுத்தைத் திருப்ப மாட்டான். திருப்பவும் முடியாது. தலையில் ஆள் நீளத்துக்குப் பேரீச்ச மட்டைத் தட்டு, அதில் சுடச்சுட நூற்றைம்பது ரொட்டி. இடது கை தட்டின் விளிம்பில், வலது கை கைப்பிடியில். மாடியிலிருந்து யார் கூப்பிட்டாலும் கண்ணால்தான் பதில். கெய்ரோவின் தர்ப் அல் அஹ்மர் சந்துகளில் பத்தொன்பது வருஷம் இப்படி ஓட்டி, ஒரு ரொட்டியைக் கீழே போட்டதில்லை. அதனால் இன்ஷிராஹ் அம்மாவின் ரொட்டிக்கடையில் காலையில் அடுப்பிலிருந்து இறங்கும் முதல் தட்டு அவனுடையது. முதல் தட்டுக்காரன் வெளியே வரும்போது மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன், அந்த ஒதுங்கலில்தான் உயிர் வாழ்ந்தான்.

அந்தக் கழுத்தைத் திருப்ப வைத்தவன் ஷெஹாத்தா.

தெற்கே சோஹாகிலிருந்து வந்து அதே கடையில் தட்டுத் தூக்கச் சேர்ந்து ஆறே மாதம். குட்டைக் கால், நெடிய முதுகு, எந்நேரமும் சிரிப்பு. அவனுடைய சைக்கிளும் ஒரு தினுசு. மேல்கம்பி நீளம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை முன்னால் தள்ளிச் சாய்ந்திருக்கும், ஸீட் கம்பி பின்னால் சாய்ந்திருக்கும். பள்ளத்தில் இறங்கினாலும் தொட்டில் மாதிரி ஆடி ஏறிவிடும். பய்யூமியின் வண்டியோ குட்டை, விறைப்பு. எந்தச் சந்தில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று அவன் முதுகெலும்பே சொல்லும். ஷெஹாத்தா இருநூறு ரொட்டியோடு பாட்டுப் பாடிக்கொண்டு போவான். கீரைக்காரி உம்மு ஸனா அவனுக்கு எலுமிச்சம்பழம் எறிவாள், அவன் கைப்பிடியை விட்டு அதைப் பிடிப்பான். பய்யூமிக்கு வயிறு எரியும். பத்தொன்பது வருஷத்தில் அவனுக்கு ஒரு காய்ந்த எலுமிச்சைகூட வந்ததில்லை.

ஒருநாள் கழுத்து வலி என்று பய்யூமி தாமதமாக வந்தான். இன்ஷிராஹ் அம்மா முதல் தட்டை ஷெஹாத்தாவிடம் கொடுத்துவிட்டிருந்தாள். "இன்னிக்கு ஒரு நாள்தானே பய்யூமி" என்றாள். அந்த ஒரு நாள் ஒன்பது நாளானது.

சைக்கிள் பழுது பார்க்கும் கிர்கிஸிடம் போனான்.

"கழுத்து கொல்லுது கிர்கிஸ். எல்லாம் இந்த வண்டியாலதான்."

"வண்டி ஒழுங்காத்தான் இருக்கு. எதிர்ல வர்றவன் தட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தா கழுத்து வலிக்காம காலா வலிக்கும்?"

பய்யூமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் மதியத் தொழுகைக்கு ஷெஹாத்தா பள்ளிவாசலுக்குள் போனதும், தான் உள்ளே போகாமல், சுவரோரம் நின்ற அந்தச் சைக்கிளருகே குந்தினான். கம்பி கம்பியாக நூல் பிடித்து, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முடிச்சுப் போட்டான். கண்ணேறு படாமலிருக்க ஷெஹாத்தா ஸீட்டுக்கு அடியில் கட்டியிருந்த நீலமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு மிச்சத்தை அளந்தான்.

"இதே அளவுக்கு ஒண்ணு பண்ணிக் குடு."

கிர்கிஸ் நூலை விரித்துப் பார்த்தான். யாருடைய அளவு என்று கேட்கவில்லை. "இது அவன் உடம்புக்கு வெட்டுன சட்டை. உனக்குக் காலு நீளம், ஸீட்டை ஏத்தியாகணும். ஏத்த ஏத்த இந்தச் சாய்ஞ்ச கம்பி உன்னைப் பின்னால கொண்டுபோகும். அப்புறம் கைப்பிடிக்கு எட்டிக் குனியணும். குனிஞ்சா தலையில தட்டு நிக்குமாய்யா?"

"நீயும் அவன் கட்சியா?"

கிர்கிஸ் கம்பிகளை வெட்டிப் பற்றவைத்துப் புது வண்டி செய்து கொடுத்தான். பய்யூமி அன்று சாயங்காலம் அதை வெறுமனே ஓட்டிப் பார்த்தான். பஞ்சு மெத்தை! தலையில் சுமை இல்லாதவன் எப்படி வேண்டுமானாலும் குனியலாம் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை நெஞ்சை நிமிர்த்தி, "முதல் தட்டு இன்னிக்கு எனக்கு" என்று கேட்டு வாங்கினான். எல்லாரும் ஒதுங்கினார்கள், ஷெஹாத்தாவும். நாலு தெரு தாண்டுவதற்குள் முதுகு வளைந்தது. தட்டு சரியாமலிருக்க மோவாயைத் தூக்கினான், பிடரியில் தீப்பிடித்தது. உம்மு ஸனாவின் கடைத் திருப்பத்தில் கைப்பிடியை வெடுக்கென்று ஒடித்தான். பழைய வண்டியாக இருந்தால் திரும்பியிருக்கும். இந்த நீள வண்டி யோசித்தது. தட்டு முன்னால் சரிந்தது.

தெருவே நின்றது. ரொட்டியையும் உயிரோடிருப்பதையும் ஒரே சொல்லால் சொல்கிற ஊர் அது, ரொட்டியை யாரும் மிதிக்க மாட்டார்கள். கார்க்காரன்கூட இறங்கி வந்தான். ஒவ்வொன்றாக எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, சுவர்மேல் வைத்தார்கள். பின்னால் வந்த ஷெஹாத்தா தன் தட்டை இறக்கி வைத்துவிட்டு முழங்காலிட்டுப் பொறுக்கினான்.

"கண்ணு பட்டுருச்சு!" என்று கத்தினாள் உம்மு ஸனா. "பத்தொம்பது வருஷம் விழாத மனுஷன்! வேற யாரு, இதோ இவன்தான். வந்த நாள்லேருந்து முதல் தட்டு மேலேயே கண்ணு!" எலுமிச்சம்பழம் எறிந்த அதே கை ஷெஹாத்தாவைக் காட்டியது.

சத்தம் கேட்டு இன்ஷிராஹ் அம்மா மூச்சிரைக்க வந்தாள். "கண்ணு வைக்கிறவன் என் அடுப்புப் பக்கம் வேண்டாம். ஷெஹாத்தா, நாளையிலேர்ந்து வராதே."

ஷெஹாத்தாவின் சிரிப்பு செத்தது. தன் நீலமணியை அவிழ்த்து வந்து பய்யூமியின் ஸீட்டுக்கு அடியில் கட்டினான். "நான் அப்படி நெனைக்கலண்ணே. ஒருவேளை என் கண்ணாவே இருந்தா, இது உங்களைக் காப்பாத்தட்டும்."

பய்யூமி சும்மா இருந்தாலே போதும், முதல் தட்டு திரும்பிவிடும். சும்மா இருக்கத்தான் பார்த்தான். கையில் கடைசி ரொட்டி. முத்தமிட வாய்க்கருகே கொண்டுபோனான், வாய் போகவில்லை.

ரொட்டியைச் சுவர்மேல் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து முடிச்சு முடிச்சான நூலை எடுத்து நீட்டினான்.

"கண்ணு என்னோடதும்மா. அவன் தொழப் போனப்ப அவன் வண்டிய அளந்தேன். ஒவ்வொரு முடிச்சும் என் வயித்தெரிச்சல்தான். அவனைப் போகச் சொல்லாதீங்க."

இன்ஷிராஹ் அம்மா நூலை வாங்கி முடிச்சுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்துடு" என்றாள் ஷெஹாத்தாவிடம். கூட்டத்தில் நின்ற கிர்கிஸ் பய்யூமியிடம், "பழைய வண்டி என்கிட்டதான் இருக்கு, எடுத்துக்க" என்றான்.

மறுநாள் முதல் தட்டு ஷெஹாத்தாவுக்குப் போனது. பய்யூமி ஒதுங்கி நின்றான். பிறகு நீலமணியை அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தான். ஷெஹாத்தா கையை இழுத்துக்கொண்டான்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்ண்ணே. அதுதான் எனக்குப் பத்திரம்."

கடையே சிரித்தது. பய்யூமி தன் குட்டை வண்டியில், முதுகு நிமிர்ந்து, இரண்டாவது தட்டோடு கிளம்பினான். உம்மு ஸனா எறிந்த எலுமிச்சம்பழம் முன்னால் போனவனுக்குப் பறந்தது. வயிறு எரியத்தான் செய்தது. கழுத்தை மட்டும் அவன் திருப்பவில்லை.