மைனரா, பீட்டலா?

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, பெடரல் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பழைய மோரிஸ் மைனர் கார் கொதித்து நின்றது. உள்ளே கல்யாணப் பெண் துர்கா. பின்னால், பழுதான காரை இழுக்கும் டோ லோரியில் நான். கிள்ளான் பக்கம் மேருவில் கார் பட்டறை வைத்திருப்பவன். "நீங்க பின்னாலயே வாங்க அங்கிள்" என்று முதல் நாளே துர்கா சொல்லியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் புத்தி இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

மைனர் அவள் அப்பா ராஜேந்திரனுடையது. பீட்டல் கார் தாய்மாமன் குணாவுடையது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கிள்ளான் கோயிலுக்குப் பெண்ணை யார் காரில் கொண்டுபோவது என்று இருவருக்கும் சண்டை.

"என்னுது 1285 சிசி, அம்பது குதிரைசக்தி. உங்களுது 1098, வெறும் நாப்பத்தெட்டு" என்றார் குணா. அந்த ஐம்பது, இன்ஜினைத் தனியாகக் கழற்றி வைத்து அளந்த கணக்கு. காரில் மாட்டினால் நாற்பதுதான். இரண்டு வண்டியுமே அறுபது மைல் வேகத்தைத் தொடுவதற்குள் பால் இல்லாத ஒரு தே ஓ டீயைக் கலக்கிவிடலாம். இதற்கு இவ்வளவு வாய்!

ஜெயித்தவர் காரில்தான் பெண் என்று, கல்யாணத்துக்கு முந்தின வாரம் டெங்கில் பக்கம் ஒரு காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். மைனர் ஜெயித்தது. காரணம், ராஜேந்திரன் ரேடியேட்டர் ஃபேனைக் கழற்றியிருந்தார். ஃபேனைச் சுழற்றும் சக்தி மிச்சமாம்.

"ஓடும்போது காத்து அடிக்கும். ஜாம்ல நின்னா யார் விசிறுவா? மாட்டிடுங்க" என்றேன்.

"ஜெயிச்ச செட்டிங்கை மாத்தக் கூடாதுலா!"

கல்யாணத்தன்று ஜாமில் நின்றது. கொதித்தது.

குணா பீட்டலை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். "கொதிக்கறதுக்கு என் வண்டிக்கு ரேடியேட்டரே கிடையாது. ஏறும்மா."

"தோத்த வண்டியில என் பொண்ணு ஏறமாட்டா. இன்ஜின் ஆறட்டும்" என்றார் ராஜேந்திரன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரை எடுத்திருப்பேன். அதற்குள் துர்கா இறங்கிவிட்டாள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்து என் லோரியில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணில் மை கரைந்திருந்தது.

"நீங்க இங்கயே இருங்கப்பா. அந்தக் காரையே யாருக்காவது கன்னிகாதானம் பண்ணிக் குடுங்க."

ராஜேந்திரன் ஓடிவந்து அவள் பக்கத்தில் ஏறினார். கிள்ளான் வரைக்கும் அவள் சேலையில் லோரி அழுக்குப் படாமல் பிடித்துக்கொண்டே வந்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

கோயிலில் நேரத்துக்குத் தாரை வார்த்தார். தாலி ஏறியது. அட்சதை போட நான் மேடை அருகே போனபோது, அவர் குனிந்து என் காதில் கேட்டார்: "நாமதானே முதல்ல வந்தோம்? பீட்டல் பின்னாலதானே வந்துச்சு?"

துர்கா காதிலும் விழுந்தது. மாலையும் கழுத்துமாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அன்றிலிருந்து இரண்டு பேர் காரோடு வந்து எது உசத்தி என்று கேட்டால், நான் பொனட்டைத் திறப்பதில்லை. வீட்டில் யார் அந்தக் காரில் ஏற மறுக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.