பாதி இட்லி, பாதி தோசை

அமெரிக்காவில் இரண்டு வருஷம் பெரியவர்கள் வைத்தியமும் இரண்டு வருஷம் குழந்தைகள் வைத்தியமும் சேர்த்துப் பயின்றால், ஊர் திரும்பியதும் என்னை இரண்டு டாக்டராக மதிப்பார்கள் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்றால் நீங்களும் போயிருப்பீர்கள். அங்கே அப்போதுதான் ஆரம்பித்திருந்த ஏற்பாடு அது. பெரியவர்கள் வார்டில் சில மாதம், குழந்தைகள் வார்டில் சில மாதம் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். குழம்பிப்போய் ஒரு தாத்தாவின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "சமர்த்து, அழாமல் மூச்சு விடு" என்று சொல்லியிருக்கிறேன்.

என்னோடு அதே பயிற்சியில் ஒரு கூட்டாளி, கல்லூரி நாளிலிருந்தே சிநேகம், கும்மிடிப்பூண்டிக்காரன். முதல் பனிக்காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே கம்பளிக் கோட்டு. பகல் வேலைக்குப் போகிறவன் கழற்றினால்தான் இரவு வேலைக்குப் போகிறவன் போட முடியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இருவரும் திரும்பினோம். திருவள்ளூரில் குழந்தைகள் வார்டுக்கு ஒரு டாக்டர் தேவை என்றார்கள். எனக்கு அந்த வேலைதான் வேண்டும். அதுதான் என் சொந்த ஊர். அப்பாவுக்குக் கோயில் கைங்கரியம், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு இரண்டு தெரு தள்ளி. எங்கள் ஊர்ப் பெருமாளே வைத்தியர். நோய் கரையட்டும் என்று அமாவாசைக்கு வந்து குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். ஜுரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கிறவர்களைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பெருமாளிடம் இதுவரை யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. என்னிடம் கேட்டார்கள். வெளிநாட்டுப் பயிற்சியை மெட்ராஸில் ஒரு குழு ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நான் வெறும் எம்.பி.பி.எஸ்.

கூட்டாளிக்குத் திருவள்ளூர் வேலையில் ஆசை இல்லை. சொந்த ஊரில் கிளினிக் வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குழுவை எனக்கு முன்னால் பார்த்துவிட்டு வந்து தைரியம் சொன்னான்.

"எதுக்கு இப்டி நடுங்கினு கீற? நம்ம சான்றிதழ்ல நாலு வருசம்னுதான் கீது. எந்த வார்டுன்னு இல்ல. அத்தத்தான் வாயால கேப்பாங்க. உள்ளத உள்ளபடி சொல்லிடு. ரெண்டு, ரெண்டு. மார்தட்டிச் சொல்லு."

"நீயும் அப்படித்தான் சொன்னியாடா?"

"பின்ன? பேஜாரு பண்ணாத நைனா. அமாவாசைக்கு வந்தப்ப உன் பேருக்கும் சேத்து நானே வெல்லம் கரைச்சுட்டேன்."

கண் கலங்கிவிட்டது எனக்கு.

சித்திரை வெயிலில், அமெரிக்காவில் வாங்கிய கோட்டோடு மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன். குழுவின் முன் உட்காரும்போது நோயாளி மாதிரி இருந்தேன். மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர்தான் பேசினார்.

"குழந்தைகள் வார்டு எத்தனை வருஷம்?"

"இரண்டு, சார்!" மார்தட்டாத குறை.

"மூணு வேணுமே. பெரியவங்க?"

"அதுவும் இரண்டு, சார்."

"அதுக்கும் மூணு வேணும்."

"மொத்தம் நாலு சார்."

"ஏம்ப்பா, தட்டுல பாதி இட்லி, பாதி தோசை இருக்கு. அது முழு இட்லியா, முழு தோசையா?"

"வயிறு ரொம்பிடும் சார்" என்றேன். என் வாய் பிறவியிலேயே எனக்கு எதிரி. பக்கத்து இருவரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

"உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னொருத்தர் வந்தாரே, நாலு வருஷமும் குழந்தைகள் வார்டுதான்னாரு. உங்களைப் பத்திக் கேட்டோம். 'அவன் பாதிப் பாதிதான் சார்'னாரு. நீங்களும் அவரைப் போல ஒண்ணையே ஒழுங்காப் படிச்சிருக்கக் கூடாதா?"

அவன் சொன்னது பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தண்ணி சார்" என்று வந்தது. பெரியவருக்கு வைத்திருந்த டம்ளரை எடுத்துக் குடித்து, வணக்கம் சொல்லி வெளியே வந்துவிட்டேன். படியிறங்கும்போதுதான் டம்ளர் கையிலேயே இருப்பது தெரிந்தது. திரும்பப் போனேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "டம்ளர் சார்" என்று வைத்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து நேரே கும்மிடிப்பூண்டி. அவன் மதியச் சாப்பாட்டில் இருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பிசைந்த கை நின்றது.

"ஏண்டா, ஒரு கோட்டையே ரெண்டு பேரும் போட்டுண்டோமேடா."

"இன்னா பண்ணச் சொல்ற? ரெண்டு பேரும் பாதின்னா ரெண்டு பேருக்கும் கெடைக்காது. ஒருத்தனாவது முழுசா ஆவ வேணாமா?"

"அந்த ஒருத்தன் நீதான்னு யாருடா சொன்னா?"

"நான்தானே மொதல்ல போனேன்."

"போறது. நீ இங்கதானே கிளினிக் வைக்கப்போறே? திருவள்ளூர் வேலைக்கு மனுப் போடலையே?"

அவன் தட்டைப் பார்த்தான். "போட்டுட்டேன்டா" என்றான். இன்னொரு தட்டை எடுத்து வைத்து, "காலைலேர்ந்து ஒண்ணும் துன்னுருக்க மாட்ட. குந்து, சாப்டு" என்றான்.

எழுந்து போயிருக்க வேண்டும். பசி. உட்கார்ந்து, ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனியில் அவன் திருவள்ளூர்க் குழந்தைகள் வார்டில் டாக்டராகச் சேர்ந்தான். சில வருஷம் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்தபோது, அவற்றில் ஒன்றில் எம்.பி.பி.எஸ். டாக்டர் வேலை கிடைத்தது எனக்கு. மெஷினில் விரல் நசுங்கியவர்களுக்குக் கட்டுப் போடுவேன். அங்கே குழந்தைகள் வருவதில்லை.