அமாவாசையன்று ஊதிய விசில்

விசிலை ஊதினேன், சத்தம் வரவில்லை. காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நின்ற பிள்ளைகளுக்கு முன்னால் கன்னம் உப்ப நின்றேன். புஸ்ஸென்று காற்றுதான் போனது. ஏழாம் வகுப்பு வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எச்சில் அடைத்திருக்கும் என்று விசிலை உதறிவிட்டு மறுபடி ஊதினேன். இந்த முறை இருமல் வந்து அப்படியே குனிந்துவிட்டேன்.

என் பெயர் நூர்ஜஹான். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளியின் பழைய கட்டடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். பாடமும் நடந்தது, வேலையும் நடந்தது. ஒரு பக்கம் பழைய சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். இன்னொரு பக்கம் பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசும் வெள்ளை மாவு) பூசி உப்புத்தாளால் தேய்த்தார்கள். வராந்தா முனையில் டைல்ஸ் அறுக்கும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. மைதானத்தில் மணலும் ஜல்லியும் கொட்டிவிட்டதால், என் வகுப்பும் காலைப் பிரார்த்தனையும் அந்த வராந்தாவுக்கே இடம் மாறின.

தூசி வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடச் சொன்னார் தலைமையாசிரியர். கதவு வழியாக உள்ளே வந்த தூசி வெளியே போக வழியில்லாமல் பிள்ளைகள் தலைக்கு மேல் சுற்றியது. நல்ல மனிதர்தான். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்.

இருமல் வந்தால் ஊரில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. சுக்கு என்றார் ஒருவர், தூதுவளை என்றார் ஒருவர். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார் சக ஆசிரியை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளிடம் சொல்கிற பேச்சா இது! எனக்குக் கோபம்தான் வந்தது. கோபப்படவும் மூச்சு வேண்டியிருந்தது.

என் கணவருக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனேன். கடைப்படி ஏறியதும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா நூரு, நாலு படி ஏறதுக்கே இப்டி இளைக்குது? கஷாயம் குட்ச்சது போதும். செங்கல்பட்டுக்குப் போயி நல்ல டாக்டரா பாத்துகினு வரலாம், கெளம்பு."

செங்கல்பட்டு மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதச் சொல்லி, நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகத்தில் வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் சோதனை) எடுத்தார்கள். "இன்னும் ஊதுங்க, இன்னும், இன்னும்" என்றாள் சோதனை எடுத்த பெண். ஊருக்கெல்லாம் விசில் ஊதுகிறவளுக்கு இரண்டு நொடிக்கு மேல் ஊத முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்துமா (மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்கும் நோய்) என்றார் டாக்டர். "விளையாட்டு டீச்சரா நான் இருக்க முடியுமா சார்?" என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

"இப்படியே போனா கஷ்டம்மா. ஒழுங்கா மருந்து எடுத்தா இருக்கலாம்."

இன்ஹேலர் (மருந்தை நேரே மூச்சுக்குழலுக்கு அனுப்பும் சிறு கருவி) எழுதிக் கொடுத்தார். என் கணவர் தயங்கினார். "இத்த ஆரம்பிச்சா பழக்கமாயிடும்னு சொல்றாங்களே சார்?"

"சோறுகூடப் பழக்கந்தான். விட்டுட்டீங்களா?" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "மருந்து பாதி வேலைதான் செய்யும். எது இதைக் கெளப்பி விடுதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

வீட்டில் இருந்தால் மருந்து வேலை செய்தது. பள்ளிக்குள் நுழைந்து அரைமணி நேரத்தில் நெஞ்சு இறுகியது. கட்டட வேலையின் மேல் எனக்குச் சந்தேகம். "ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கேன் சார்" என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். "ஓய்வு எடுத்தா எல்லாருக்கும் நல்லாத்தானே இருக்கும் டீச்சர்" என்றார்.

எங்கள் பள்ளியின் வேகமான ஓட்டக்காரி எட்டாம் வகுப்பு செல்வி. அந்த வாரம் அவள் வராந்தாப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "உள்ள பூன கத்துற மாரி கீது டீச்சர்" என்றாள். என் நெஞ்சிலும் அதே பூனை கத்திக்கொண்டிருந்தது.

அப்புறம் அமாவாசை வந்தது. கட்டட வேலைக்காரர்களுக்கு அன்று விடுமுறை. முந்தின நாளே மேஸ்திரி வராந்தாவைக் கழுவி, மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். கடல் காற்று இரவெல்லாம் வீசி வளாகத்தைத் துடைத்திருந்தது. அந்தக் காலை எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. வழக்கம்போல் பிரார்த்தனையில் விசிலை ஊதினேன்.

கணீரென்று கேட்டது. நானே திடுக்கிட்டேன். அன்று வாழ்த்துப் பாடி முடியும்வரை ஒரு பிள்ளைகூட இருமவில்லை. அதே பள்ளி, அதே வெயில், அதே நான். அமாவாசை என்பதால் மெஷின் ஓடவில்லை; இல்லாதது தூசி ஒன்றுதான். விழுந்தடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன்.

"சார், இன்னைக்கு அமாவாசை. அதான் யாரும் இருமல!"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?"

"எங்க அத்தா பேரே அப்துல் காதர்தான் சார். சம்பந்தம் இருக்கு. நாளைக்கு மெஷின் ஓடும்போது வராந்தாவுல எங்களோட வந்து நில்லுங்க, போதும்."

சிரித்தார். ஆனால் மறுநாள் பிரார்த்தனைக்கு வந்து நின்றார். வேலை தொடங்கியது. முதல் வரிசையில் ஒரு இருமல், நடுவில் இரண்டு, பிறகு பள்ளி முழுவதும். அன்றைய குறளுக்கு விளக்கம் சொல்ல வாயைத் திறந்த தலைமையாசிரியர், பாதியிலேயே இருமி நிறுத்தினார். கண்ணில் நீர் தளும்ப என்னைப் பார்த்தார். "ஜெயிச்சிட்டீங்க டீச்சர்" என்றார்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பேசினோம். அவர் பட்டென்று சொன்னார்: "நாங்களுந்தான் இருமிகினு கீறோம். எங்கள யாரு கேட்டாங்க?" எனக்குச் சுருக்கென்றது. அவர்களுக்கும் சேர்த்தே வழி தேடினோம். சுரண்டுவதும் அறுப்பதும் பள்ளி விட்ட பிறகுதான் என்று முடிவானது. தண்ணீர் ஊற்றித்தான் டைல்ஸ் அறுத்தார்கள். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி ஈரச் சாக்குத் தொங்கியது. வேலையாட்கள் மூக்கில் துணி கட்டினார்கள். காலையில் வெறுந்துடைப்பத்தால் பெருக்குவது நின்று, ஈரத்துணியால் துடைப்பது வந்தது. என் கணவர் ஜமாத்தில் பேசி நிக்காஹ் மண்டபத்தை வாங்கிக் கொடுத்தார். வேலை முடியும்வரை நான்கு வகுப்புகள் அங்கே நடந்தன.

உங்கள் பிள்ளையோ நீங்களோ இப்படி இருமிக்கொண்டிருந்தால், மருந்தைப் பாதியில் விடாதீர்கள். எங்கே, எப்போது இருமல் வருகிறது என்று கவனியுங்கள். அது வராத நாளை இன்னும் நன்றாகக் கவனியுங்கள்.

அடுத்த சோதனையில், "போதும் டீச்சர், விடுங்க" என்று சோதனை எடுத்த அதே பெண் சிரித்தாள். என் மூச்சு எவ்வளவு பெரியது என்று முன்பு எனக்குத் தெரியாது. இப்போது காலையில் எழுந்ததும் ஒருமுறை முழுதாக இழுத்து விட்டுப் பார்க்கிறேன். அன்றைய நாள் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிறை பார்த்து மாதம் எண்ணும் வீடு எங்களுடையது. அமாவாசை எப்போது என்றும் இப்போது நாள்காட்டியில் பார்க்கிறேன்.

அந்த ஆண்டு விளையாட்டு விழா புதிய கட்டடத்தின் முன்னால் நடந்தது. ஓடுகோட்டில் செல்வி குனிந்து நின்றாள். அவள் நெஞ்சில் பூனை இல்லை. விசிலை வாயில் வைத்தேன். வயிற்றிலிருந்து காற்று புறப்பட்டது. ஊதினேன், ஊதிக்கொண்டே இருந்தேன். செல்வி பாதி மைதானத்தைத் தாண்டிவிட்டாள்.

ஒலிபெருக்கியில் தலைமையாசிரியரின் குரல் கேட்டது: "டீச்சர், போதும்! அவங்க எப்பவோ கெளம்பிட்டாங்க!"