கோமதியும் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களும்: திருவனந்தபுரம் சங்கீத விழாவுக்குக் குப்பையில்லாமல் போய்வந்த கதை

ஜனவரி கடைசி வாரம் திருவனந்தபுரத்தில் மூன்று நாள் சங்கீத விழா. வருஷா வருஷம் போகிறவள்தான் நான். போன முறை நாலு பேர் திருநெல்வேலியிலிருந்து காரில் போய்த் திரும்பினோம். வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால் காலி தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவுமாக அடைத்துக் கிடந்தது. பாட்டுக் கேட்கப் போனோமா, குப்பை பொறுக்கப் போனோமா என்று வெட்கமாகிவிட்டது. இந்த முறை கார் கிடையாது, பாட்டில் கிடையாது, காகிதக் கப் கிடையாது என்று முடிவெடுத்தேன். அதே மாதிரி போக நினைக்கிறவர்களுக்காக எல்லாவற்றையும் இங்கே எழுதுவதாகவும் இருந்தேன். எழுதத்தான் போகிறேன், ஆனால் நினைத்த அளவு குதூகலமாக வராது.

கூட வந்தவள் என் நாத்தனார் கோமதி, என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் வளர்ந்ததே திருவனந்தபுரத்தில்தான். மாமனாருக்கு அங்கே ஆபீஸ் வேலை, வீடு கரமனையில். பள்ளிக்கூட நாட்களில் வலியசாலையில் ஒரு டீச்சரிடம் ஆறு வருஷம் பாட்டுக் கற்றாள். மாமனார் ஓய்வு பெற்றுக் குடும்பம் ஊர் திரும்பியதோடு பாட்டும் நின்றது, டீச்சரோடு தொடர்பும் விட்டுப் போயிற்று. இந்த விழாவின் மூன்றாம் நாள் அந்த டீச்சரின் கச்சேரி. அதோடு அவர் மேடையை நிறுத்திக்கொண்டு, பெங்களூரில் மகன் வீட்டுக்கே போய்விடுகிறார். அவளோடு கூடப் பாட்டுப் படித்த ஜெயா போனில் இதைச் சொன்னதும் கோமதி அன்றைக்கே கிளம்பத் தயாராகிவிட்டாள். டீச்சரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு. கச்சேரிக்கு முன்னால் டீச்சர் யாரையும் பார்ப்பதில்லை, முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெயா சொல்லியிருந்தாள். சுற்றுச்சூழல் எல்லாம் என் பைத்தியம்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாக ரயிலில் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர், நாலு மணி நேரம். முன்பதிவில்லாப் பெட்டியில் ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. காருக்கு டீசல் மட்டுமே அதைப்போலப் பல மடங்கு ஆகியிருக்கும். எலுமிச்சைச் சாதமும் துவையலும் தூக்குவாளியில். தண்ணீர் இரண்டு எவர்சில்வர் பாட்டிலில். மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் ஆளுக்கு ஒன்று. குழித்துறை தாண்டியதும் கோமதியின் பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. பக்கத்து சீட்டுக்காரியிடம் அவள் பேசிய வேகத்தைப் பார்த்தால் இருபத்தைந்து வருஷம் வெளியே இருந்தவள் மாதிரியே தெரியவில்லை.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கிச் சிட்டி பஸ்ஸில் கரமனை. அக்ரஹாரத் தெருவில் ஒரு வீட்டு மாடி அறை, நாளுக்கு ஆயிரத்து இருநூறு. ஏசி இல்லை, ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக் காற்று வரும், ஜனவரிக்கு அது போதும். துண்டும் சோப்பும் நாமே கொண்டுபோனால் ஓட்டலில் தரும் சோப்பு, ஷாம்பு பாக்கெட்டுகள் தேவைப்படாது. விழா மண்டபம் பழவங்காடிக்குப் பக்கம். கிள்ளிப்பாலம் வழியாக நடந்தால் மூன்று கிலோமீட்டருக்குள்தான். முதல் இரண்டு நாளும் காலையில் நடந்து போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். கோமதிக்கு ஒரு முழங்கால் கொஞ்சம் தகராறு. ஆட்டோ பிடிக்கலாமா என்று ஒரு முறை கேட்டாள், நான் பஸ் ஸ்டாப்பைக் காட்டினேன். மறுபடி கேட்கவில்லை.

விழாக்காரர்களையும் பாராட்ட வேண்டும். பிளெக்ஸ் பேனருக்குப் பதில் துணி பேனர், வாசலில் குடிதண்ணீர்க் குழாய், சாப்பாடு வாழை இலையில். காப்பி மட்டும் காகிதக் கப்பில். முதல் நாளும் இரண்டாம் நாளும் கேன்டீனில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து எங்கள் டம்ளரை நீட்டினோம், மறுபேச்சில்லாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அறைக்கு வந்ததும் வலைப்பூவுக்கு என்று டம்ளரை ஜன்னலில் வைத்துப் படமெல்லாம் எடுத்தேன்.

மூன்றாம் நாள் டீச்சரின் கச்சேரி நாலு மணிக்கு. எழுபதைத் தாண்டியவர். குரல் மெலிந்திருந்தது, ஆனால் சுருதி இம்மி விலகவில்லை. ஜெயாதான் பின்னால் தம்புரா. நாங்கள் நடு வரிசையில் இருந்தோம். கோமதி மடியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தாள், அழுதாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிரதான கிருதி முடிந்து, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தை ஆரம்பித்தார். கச்சேரி கேட்கிற நம் ஜனங்களின் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. தனி என்றால் பாதி சபை எழுந்து கேன்டீனுக்குப் போய்விடும். நானும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"முடியறதுக்குள்ள வந்துருவோமா மதினி?" என்றாள் கோமதி. தனி இருபது நிமிஷத்துக்குக் குறையாது, அப்புறம் துக்கடா என்று சின்னப் பாட்டுகள் இரண்டு மூன்று, பிறகுதான் மங்களம் என்று கச்சேரி சாஸ்திரமே தெரிந்தவள் மாதிரி சொல்லி அவளையும் கிளப்பினேன். தனியாகக் காப்பி குடிக்க எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் காரணம்.

கேன்டீனில் தள்ளுமுள்ளு. கோமதி ஒரு காகிதக் கப்பை வாங்கிவிட்டாள். நான் அதை அவள் கையிலிருந்து எடுத்துத் திரும்பக் கவுண்டரில் வைத்து, எங்கள் டம்ளர்களை நீட்டினேன். காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர் நம் தென்காசிப் பக்கத்துக்காரர். "இன்னிக்கு மொதலாளி கப்ப எண்ணித்தான் கணக்கு பாக்காரு அக்கா. கப்புல வாங்கி டம்ளர்ல ஊத்திக்கிடுங்க" என்றார். கப்பில் வாங்கிவிட்டு டம்ளரில் ஊற்றினால் டம்ளர் எதற்கு? எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலில் துணி பேனர் கட்டிவிட்டு உள்ளே இது என்ன நியாயம் என்று பேச ஆரம்பித்தேன். முதலாளியைக் கூப்பிடச் சொன்னேன், வந்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கோமதி என் முந்தானையைப் பிடித்து, போவோம் மதினி, காப்பியே வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். இரண்டு டம்ளர் நிறையக் காப்பி. குடித்து, குழாயடியில் கழுவி, மூடியைப் போட்டுக்கொண்டு மண்டபக் கதவைத் திறந்தபோது உள்ளே மங்களம் நடந்துகொண்டிருந்தது.

தனியைச் சுருக்கச் சொல்லியிருந்தாராம் டீச்சர், உடம்பு முடியாததால் துக்கடாவும் ஒன்றே ஒன்றுதான். மேடையில் அவரைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். கோமதி கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். மங்களம் முடிந்ததும் சபை மொத்தமும் எங்களை நோக்கி வந்தது, அதை எதிர்த்து முன்னால் போக முடியவில்லை. நாங்கள் மேடையை எட்டியபோது ஜெயா மட்டும் தம்புராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கேடி போயிட்டே? நீ வந்திருக்கேன்னு டீச்சர்ட்ட நான்தான் சொன்னேன். தன்கிட்ட படிச்சவா எல்லாரையும் மேடைக்கு விளிச்சா. கோமதி எங்கேன்னு மைக்ல ரெண்டு வாட்டி கேட்டா, கேட்டோ?"

கோமதி கையில் இரண்டு டம்ளரையும் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் டீச்சரைப் பக்கவாட்டு வாசலில் காரேற்றி நேராக ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார், பெங்களூர் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றாள் ஜெயா. அப்போதுதான் நான் ஆட்டோவுக்கு ஓடினேன். மூன்று நாளும் பிடிக்காத ஆட்டோ. பழவங்காடி முக்கில் பஸ்ஸும் காருமாக அசையவில்லை. "ஃபுல் பிளாக்காணு சேச்சி" என்று டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தோம், அந்த முழங்காலோடு அவள் என்னை முந்திக்கொண்டு நடந்தாள். பிளாட்பாரத்தில் வண்டி இல்லை.

ஆக, போக நினைப்பவர்களுக்கு: ரயிலில் போங்கள், கரமனையில் தங்குங்கள், டம்ளர் கட்டாயம் எடுத்துப் போங்கள். நான் இன்னமும் அதையேதான் சொல்வேன். காப்பியைக் கச்சேரிக்கு முன்னால் குடித்துவிடுங்கள். ஊற்ற மாட்டேன் என்றால் குடிக்காமல் வந்துவிடுங்கள், சண்டையைக் கச்சேரி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கூட வருகிறவர் எதற்காக வருகிறார் என்பதைக் கிளம்பும்போது மட்டுமல்ல, ஒவ்வொரு முறை இருக்கையை விட்டு எழும்போதும் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் நாங்கள் அந்த ஊரில் ஒரு காகிதக் கப்பைக்கூடப் போட்டுவிட்டு வரவில்லை. அதைப் பெருமையாக எழுத நினைத்திருந்தேன்.

திரும்பும் ரயிலில் ஜெயா பெங்களூர் நம்பரை அனுப்பினாள். போன் போட்டுப் பேசிவிடேன், நீ வந்திருந்தாய் என்று தெரிந்தால் டீச்சர் சந்தோஷப்படுவாரே என்றேன். நான் வரவே இல்லை என்றுதான் இப்போது நினைத்துக்கொண்டிருப்பார் என்றாள் கோமதி. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"போன் போட்டு என்னன்னு சொல்ல மதினி? நீங்க கூப்பிடும்போது டம்ளர் கழுவிக்கிட்டு நின்னேன்னா?"

வீடு வந்து பையைப் பிரித்தால் என் டம்ளர் மட்டும்தான் இருந்தது. அவளுடையதை அவள் பிளாட்பாரத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.